திருட்டுக் கொடுத்தவனா குற்றவாளி?

'அடையாளத் திருட்டு' என்ற சொற்றொடர் அண்மையில்தான் நம் செவிகளில் விழத் தொடங்கியிருக்கிறது. வங்கிகள் துண்டுப் பிரசுரம் அச்சிடுகின்றன, வானொலி எச்சரிக்கிறது. அத்தனையின் சாரமும் ஒன்றே: கவனமாக இருங்கள், இலக்கத்தைச் சொல்லாதீர்கள், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவருக்கும் கொடுக்காதீர்கள். நல்ல புத்திமதிதான்; யார் மறுத்தார்? ஆயினும் இப்புத்திமதிக்குள்ளே ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. அசட்டையாக இருந்தான், ஆகவே இழந்தான் என்பதே அது. அதை ஏற்க நான் ஆயத்தமில்லை.

கல்முனையில் ஒரு சாதாரண மனிதன் தன் தேசிய அடையாள அட்டையை எத்தனை இடங்களில் நீட்ட வேண்டியிருக்கிறது! சிம் அட்டை வாங்க, நுண்கடன் பெற, தவணைக்குத் தையல் இயந்திரம் எடுக்க, வெளிநாட்டு வேலைக்கு மனுக்கொடுக்க, எங்கும் அட்டையின் இருபக்கப் பிரதி கேட்கிறார்கள். மறுத்தால் காரியம் நடவாது. கொடுத்த பிரதி எந்த இழுப்பறையில் கிடக்கிறது, எவர் கைக்குப் போகிறது என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. போட்டோ கொப்பிக் கடைகளில் பழுதான தாள்கள் முகமும் முகவரியும் தெரியக் கூடையிலே கிடப்பதைக் காணாதவர் யார்? இந்த நிலையில் மருதமுனை நெசவாளியைப் பார்த்துக் 'கவனமாக இரு' என்பது, கதவில்லாத வீட்டுக்காரனுக்குப் பூட்டு விற்பதாகும்.

அவ்விலக்கத்தையே சற்று உற்று நோக்குங்கள். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 1990 பெப்ரவரி 4இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 90535 என்று தொடங்கும். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் முழுமையாக வருகிறது. ஆகவே இலக்கத்தை அறிந்தவன் பிறந்த நாளையும் அறிந்தவனாகிறான். தொலைபேசியில் நம்மை நாம்தாமா என்று சோதிப்போர் பெரும்பாலும் கேட்பதும் இவ்விரண்டையுமே! இந்த ஏற்பாட்டை வகுத்தவன் நெசவாளியா?

பணத்தோடு இழப்பு நின்றாலும் பொறுக்கலாம். நமக்கு வடக்கே, இதே கிழக்குக் கரையிலுள்ள மூதூரின் ரிசானா நபீக்கிடமிருந்து அவளது வயதே திருடப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவள் 1988 பெப்ரவரி 4இல் பிறந்தவள். கடவுச்சீட்டிலோ 1982 பெப்ரவரி 2 என்றிருந்தது. பதினேழு வயதுச் சிறுமி, இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக்கப்பட்டு, 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டாள். சென்ற சில வாரங்களில் அவள் பராமரிப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. சம்பவம் நிகழ்ந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அத்தண்டனை விதிக்கலாகாது என்கிறது சிறுவர் உரிமைச் சமவாயம். சவூதி அரேபியா 1996இலேயே அதில் இணைந்திருந்தது. ஆனால் அவள் வயதைப் பேசியது அந்தப் பொய்க் கடவுச்சீட்டு. 2013 ஜனவரி 9இல் அவள் தலை துண்டிக்கப்பட்டது. ஆவணங்களைப் பொய்யாக்கிய முகவர் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்ததோ இரண்டாண்டுச் சிறை!

இத்தகைய குடும்பங்களும் உடந்தைதானே என்று கேட்கும் கனவான்கள் உண்டு. பசி கைந்நாட்டு வைக்கும் இடத்தில் சம்மதத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு எப்படித்தான் நாவெழுகிறதோ!

இழந்தவன் மீள்வது எங்ஙனம்? வழி இல்லாமலில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைக் கேட்டுப் பெறவேண்டும். 'இக்கடன் என்னுடையதன்று' என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்திலே அறிவிக்கவேண்டும், வாய்ப்பேச்சு நிற்காது. தன் பெயரில் எங்கெங்கே கடன் பதிவாகியிருக்கிறது என்ற அறிக்கையை இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திடம் எவரும் தாமே கேட்டுப் பெறலாம். இனிக் கொடுக்கும் பிரதியின் குறுக்கே 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று நாளிட்டு எழுதுவது நலம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மாணவரின் அடையாள அட்டை விண்ணப்பம் நம் பாடசாலைகள் ஊடாகவே செல்கிறது. அதை நிரப்பும் நாளிலேயே இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களாகிய நம்மைத் தடுப்பவர் எவருமில்லை.

ஆயினும் இவையெல்லாம் யார் தலைமேல் விழும் வேலை? 2004 டிசம்பர் 26இல் கடல் நம் பத்திரங்களை அள்ளிச் சென்றபின், நாம் யாரென்று நிறுவ வாசல் வாசலாக ஏறியிறங்கிய கரை இது. திருட்டுக் கொடுத்தவனும் இன்று அதே படிகளையே ஏறுகிறான். தான் தானே என்று அவன் நிரூபிக்கவேண்டும். ஒரு பிரதியை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்தவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை!

தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருமென்றார்கள். அந்த நாளும் ஒத்திவைக்கப்பட்டது. தவணை தவறிய நெசவாளிக்கு எவர் அவகாசம் கொடுத்தார்? ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் தம் கோரிக்கைகளில் இரண்டைச் சேர்க்கட்டும். பிரதி வாங்குபவன் அதன் கதிக்குச் சட்டத்தின்முன் பொறுப்பாளியாகவேண்டும். கடன் மறுக்கப்பட்டால், அவனே வாங்கினான் என்பதைக் கடன் கொடுத்தவன் நிரூபிக்கவேண்டும்; நிரூபிக்கும்வரை ஒரு சதமும் அறவிடலாகாது.