ஆயிரம் வாட்ஸ் எதுக்கு?

எங்க பழைய டிரில் மெஷின் கருகிப்போச்சு. சில வருசத்துக்கு முந்தி ஒருதடவை பின்பக்கம் பொறி பறந்து நின்றபோதே, டவுன் கடையொன்றில் "தூக்கி வீசிட்டு ஆயிரம் வாட்ஸ்ல ஒண்ணு எடுங்க தம்பி" என்றார்கள். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருந்தது காபன் பிரஷ் மட்டும்தான். விரல் நுனியளவு இரண்டு கரித்துண்டு! மாற்றியதும் ஓடியது. இந்த முறை ஆமேச்சரே போய்விட்டது. திரும்பச் சுற்றும் கூலி புதுசின் விலையை நெருங்குவதால்தான் புதுசு தேடினோம். கடையில் அதே பாட்டு: ஆயிரம் வாட்ஸ்.

ஹாலிஎல பக்கம் ஒரு வீட்டில் வருசத்துக்கு எத்தனை ஓட்டை போடுவோம்? சாமிப்படத் தட்டு, திரைச்சீலைக் கம்பி, டிவி மாட்டும் சட்டம். மொத்த ஓட்டமும் ஒரு மணித்தியாலம் வராது. 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அப்படி நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு, கட்டடம் கட்டுற பாஸ் பாவிக்கிற மெஷினைத் தலையில் கட்டுவது வியாபாரமா, வழிப்பறியா?

வாட்ஸ் என்பது மெஷின் இழுக்கிற கரண்டின் அளவு, தரத்தின் அளவு இல்லை. புளொக்கல் சுவரில் ரோல் பிளக் அடிக்க 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஓட்டை போதும். அதுக்கு 500 முதல் 650 வாட்ஸ் வரையான, 13 மில்லிமீட்டர் சக் உள்ள, வயர் வைத்த இம்பாக்ட் டிரில் தாராளம். உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுவதுதான் அதன் அடி. கொங்கிரீட் பீமில் அது திணறும், உண்மைதான். அங்கே காற்றழுத்தத்தால் பிஸ்டன் அடிக்கிற ரோட்டரி ஹெமர் வேணும். அந்த ஒருநாள் வேலைக்கு மேசன் பாஸிடம் இரவல் கேளுங்க.

பற்றரி டிரில் ஸ்டைல்தான். ஆனால் மாசக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால் பற்றரி கிழடாகும். புதுப் பற்றரி விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும்.

வாங்கும்போது மூணு விசயம் பாருங்க. காபன் பிரஷ் தனியாகக் கிடைக்குதா? விசையை அழுத்தும் அளவுக்கு வேகம் கூடிக் குறையுதா? வயரில் 13 ஆம்பியர் சதுர முள் பிளக் இருக்கா? வெறும் வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுற வீரம் வேண்டாம்.

"லயத்துச் சுவருக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்று ஒருத்தர் சிரிச்சார். அந்தச் சிரிப்புதான் எங்களுக்குக் கோபம். கல்லும் மண்ணும் வைத்த பழைய சுவரில் இம்பாக்டைப் போட்டால் சாந்து பொலபொலவென்று கொட்டும். அங்கே சுத்தியல் படத்திலிருந்து விசையைத் தள்ளிவிட்டு, மெதுவாகத்தான் துளைக்கணும். கொட்டிய சுவரைப் பூசுறது நாங்க, சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக இருந்தும் ஒரு அறை கூட்டிக் கட்ட தொரையிடம் அனுமதி கேட்கிறோம். 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்தவர்கள் முதன்முதலாகத் தங்கள் சுவரில் ஓட்டை போடுகிறார்கள். அந்தச் சுவருக்கு ஆராய்ச்சி செய்யாமல் வேறு எதுக்குச் செய்வது?

வீட்டுக்கு ஒண்ணு தேவையில்லை, லயத்துக்கு ஒண்ணு போதும். நாங்க காசு சேர்த்து 600 வாட்ஸில் ஒண்ணு எடுத்திருக்கோம். கொப்பியில் பேர் எழுதிட்டுக் கொண்டுபோகலாம். சுவருக்கான பிட் மட்டும் அவங்கவங்க வாங்கிட்டு வாங்க.