பறக்காத நாயகி

"இவ பறக்கவே மாட்டாவா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி பாதியிலேயே எழுந்து போய்விட்டான். நான் மட்டும் இறுதிவரை இருந்து பார்த்தேன்.

நாங்கள் பார்த்தது 1974 மார்ச் 12 ஆம் திகதி அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'வொண்டர் வுமன்' என்ற திரைப்படம். வொண்டர் வுமன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் 1975 இல் அப்பாத்திரத்தை ஏற்ற லிண்டா கார்ட்டர்தான். அவருக்கு முன்பே கெத்தி லீ குரொஸ்பி அதில் நடித்திருந்தார் என்பது அநேகருக்குத் தெரியாது. டென்னிஸ் வீராங்கனையாக இருந்து நடிக்க வந்தவர் அவர். அந்தப் படம் தொடராக வளரவில்லை. "சக்தியே இல்லாத வொண்டர் வுமனா?" என்று இரசிகர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. கதை மெதுவாக நகர்கிறது. ரிக்கார்டோ மொன்டல்பான் நடித்த வில்லன் பயமுறுத்துவதைவிட மரியாதையாகப் பேசுவதே அதிகம். நாயகி டயானாவோ ஓர் அதிகாரியின் செயலாளராகத்தான் அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார். ஆனாலும் அரசாங்கத்தின் இரகசியக் குறியீட்டுப் புத்தகங்கள் திருட்டுப்போனதும் அவற்றைத் தேடிப் புறப்படுபவர் அவரே. 1941 முதல் சித்திரக்கதைகளில் வந்த வொண்டர் வுமனுக்கு இருந்த அதீத பலம் இவருக்கில்லை. கவனிக்கிறார், யோசிக்கிறார், பயின்ற உடலால் போராடுகிறார்.

இரசிகர்கள் குறையென்று சொன்ன இதுதான் அப்படத்தின் நிறை என்பது என் கருத்து.

பிறவிச் சக்தியில் நமக்கு ஏன் இத்தனை மோகம்? உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில், "அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே மூளை" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறோம். அவள் விழித்திருந்த இரவுகளும் திரும்பத் திரும்பச் செய்து பிழைத்துப்போன கணக்குகளும் அந்த வசனத்தில் காணாமல் போகின்றன. குறைந்த புள்ளி எடுத்தவளுக்கோ "எனக்கு அது இல்லை" என்று ஒதுங்கிவிட அதே வசனம் வழிகாட்டுகிறது.

வீட்டிலும் இதே கதைதான். உம்மாவை "சுப்பர் வுமன்" என்று புகழ்ந்துவிட்டு, சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் எழுந்து போகிறோம். சக்தி உள்ளவருக்குக் களைப்பு வராது என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. இதில் நானும் குற்றவாளிதான்.

பறக்கிற நாயகியைப் பார்த்துக் கைதட்டலாம்; அவளைப்போல் ஆக முடியாது. 1974 இன் டயானாவைப்போல் ஆக முயன்றாவது பார்க்கலாம். பெற்றோர்களே, பிள்ளையைப் பாராட்டும்போது அவளது மூளையை மட்டுமன்றி உழைப்பையும் சொல்லிப் பாராட்டுங்கள். தோழிகளே, உங்கள் உம்மாவைப் புகழ்வதற்கு முன் அந்தக் கோப்பையைக் கழுவி வையுங்கள்.

தம்பியிடம் அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்: இல்லை, அவர் பறக்கமாட்டார். நடந்தே போய்ச் சேருவார்.