ஆத்துல வழி தப்பாது. அப்புறம் எதுக்கு ஜிபிஎஸ்?

"கயாக் ரெடி, துடுப்பு ரெடி, எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?" இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதுக்கு? மலையேறுகிறவருக்கு வழி தப்பும், கடலில் போகிறவருக்குக் கரை மறையும். ஆத்துல அந்தக் கவலை இல்ல. தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் நீங்களும் போகப் போறீங்க. அதனால் 'நான் எங்கே இருக்கேன்' என்பது பெரிய கேள்வியே இல்லை. 'முன்னாடி என்ன இருக்கு, அதுக்கு இன்னும் எவ்வளவு தூரம்' என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கருவியில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. ஆனா நம்மாளுங்க காசையும் நேரத்தையும் கருவிக்கே கொட்டுறாங்க.

மேட்டூருக்குக் கீழே காவிரியை எடுத்துக்குங்க. பவானி கூடுதுறை வர்றதுக்குள்ள செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள், எல்லாமே நீர்மின் உற்பத்திக்காகக் கட்டியவை. மேல்புறம் தண்ணி ஏரி மாதிரி அமைதியா நிக்கும். தூண்கள் தூரத்திலேயே தெரியும்தான். ஆனால் எந்தக் கரையில் ஒதுங்கணும், மின் நிலையத்துக்குத் தண்ணி இழுக்கிற பக்கம் எது என்று அங்கே போய் யோசிக்கக் கூடாது, முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். சின்ன தடுப்பணைகள் இன்னும் மோசம். கயாக்கில் உட்கார்ந்தால் உங்க கண் தண்ணிக்கு மேல் ஒரு மீட்டர்கூட இருக்காது. தடுப்பணையின் விளிம்பு அந்த உயரத்திலிருந்து வெறும் தண்ணிக்கோடு மாதிரிதான் தெரியும். கீழே விழுகிற தண்ணி திரும்பி அணைப் பக்கமே சுருளும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் அது சும்மா விடாது.

இங்கேதான் ஜிபிஎஸ் சம்பாதிக்குது. வீட்டிலேயே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு அணைக்கும் ஒரு புள்ளி, அதற்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒதுங்க வேண்டிய கரையில் இன்னொரு புள்ளி வைங்க. பல கருவிகளில் புள்ளியை நெருங்கினால் ஒலி எழுப்பும் வசதி உண்டு, அதையும் போட்டு வைங்க. ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க: கருவி காட்டுவது நேர்கோட்டுத் தூரம். ஆறு வளைந்து வளைந்து போகும் இடத்தில் 'இன்னும் 2 கிலோமீட்டர்' என்பது உண்மையில் 4 ஆக இருக்கலாம். பொழுது சாயற நேரத்துல அந்த வித்தியாசம் விளையாட்டு இல்ல. அதனால் ஆற்றின் போக்கிலேயே ஒரு தடத்தை வரைந்து கருவியில் ஏற்றிவிடுங்கள், அப்போதுதான் ஆற்றுத் தூரம் தெரியும்.

சரி, கருவி. என் கட்சி: பட்டன் வைத்தது, ஏஏ பேட்டரியில் ஓடுவது, மெமரி கார்டு போட இடம் உள்ளது. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் இந்த ரகம். இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் என்பது கம்பெனி கணக்கு. பழசானாலும் பரவாயில்லை, செகண்ட் ஹேண்டில் தாராளமா வாங்கலாம். தொடுதிரை வேண்டாம்: தண்ணித் துளி பட்டாலே தானா மெனு திறக்கும், ஈரக் கைக்கு அது மதிக்காது. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணியில் 30 நிமிஷம் தாங்கும் என்று அர்த்தம், மிதக்கும் என்று அர்த்தம் இல்லை. ஈட்ரெக்ஸ் மூழ்கும். ஒரு கயிறு போட்டு ஜாக்கெட்டோடு கட்டிக்குங்க. இரட்டை அலைவரிசை, அதிதுல்லியம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது ஆற்றுக்குத் தேவையே இல்லை. தடுப்பணை 500 மீட்டர் தள்ளி இருக்கும்போது 5 மீட்டர் பிழையால என்ன ஆகப் போகுது?

போன் போதாதா என்றால், இரண்டாவது கருவியாகப் போதும். ஆஸ்மாண்ட் மாதிரி செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கி, உலர் பைக்குள் போட்டு வைக்கலாம். வெயிலில் சூடாகி அணைந்துபோகிற சாதனத்தை முதல் கருவியாக நம்பி நான் ஆற்றில் இறங்க மாட்டேன்.

வரைபடத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை கார்மின் வடிவத்துக்கு மாற்ற எம்கேஜிமேப் என்ற இலவச நிரல் இருக்கிறது. அதோடு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள். கணக்கு போடப் பிடிக்கிற நமக்கு அதுதான் விருந்து. அதில் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஆற்றை வெட்டுகிற அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆற்றுத் தூரம் 10 கிலோமீட்டர் என்றால் சரிவு கிலோமீட்டருக்கு 2 மீட்டர், நிதானமான ஆறு. அதே 20 மீட்டர் 2 கிலோமீட்டரிலேயே இறங்கினால் அங்கே பாறையும் பாய்ச்சலும் காத்திருக்கு. இது சராசரிதான், அந்த இறக்கம் முழுக்க ஒரே இடத்தில் அருவியாக விழலாம் என்பதால் செயற்கைக்கோள் படத்தில் வெள்ளை நுரை தெரிகிறதா என்றும் பாருங்க. கோடைப் படம், வெள்ளப் படம் இரண்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: பழைய தாள்கள் எவரெஸ்ட் அடித்தளத்தில் வரைந்தவை, ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ்84. அமைப்பை மாற்றாமல் ஆயத்தொலைவை அப்படியே ஏற்றினால் புள்ளி நூறு மீட்டருக்கு மேலே தள்ளி விழும். புதிய ஓப்பன் சீரிஸ் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துட்டு செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புகிற இன்ரீச் போன்ற கருவியை வரவழைக்க நினைச்சா, வேண்டாம். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

எந்த வரைபடமும் இன்றைக்கு அணையில் எவ்வளவு தண்ணி திறந்திருக்காங்க என்று சொல்லாது. மேட்டூரில் திறப்பு கூடினால் நேற்றைக்குத் தெரிந்த பாறை இன்றைக்கு மூழ்கியிருக்கும். அதை விசாரிச்சுட்டு, அப்படியே பரிசல் ஓட்டுறவங்க, மீன் பிடிக்கிற அண்ணன்மார்கிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. எந்தத் தடுப்பணை போன வெள்ளத்தில் உடைந்தது, எங்கே கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு என்பதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். கேட்டதைக் கருவியில் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்து உறுதிசெய்த தடுப்பணைகளை, வீட்டுக்கு வந்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு கணக்கு தொடங்கினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. அடுத்து அந்த ஆத்துல இறங்குறவர் வரைபடத்தில் அந்த அணையும் இருக்கும்.