14 மணித்தியாலப் பொய்

உயர்தரத்தில் பயோவோ மற்ஸோ எடுத்த பிள்ளைக்கு ஊர் முதலில் கொடுப்பது ஒரு அறிவுரை. "ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் படிச்சாத்தான் கம்பஸ்." மாமா சொல்லுவார், ரியூசன் சேர் சொல்லுவார், போன வருசம் மெடிசின் கிடைச்ச அண்ணாவின் பேட்டியும் அதையே சொல்லும். அடுத்த நாள் கலர் பேனையால் கீறின நேரசூசி ஒன்று மேசைக்கு மேல ஏறும். மூன்றாம் நாள் அது குழம்பும். நாலாம் நாள் பிள்ளை தன்னைச் சோம்பேறி எண்டு நம்பத் தொடங்கும். எங்களுக்குக் கோபம் வருவது இந்த நாலாம் நாளை நினைத்துத்தான்.

கணக்கைப் பாருங்கோ. நாளுக்கு 24 மணித்தியாலம். நித்திரைக்கு 7 போனால் 17. பள்ளிக்கூடம் 7.30 இலிருந்து 1.30 வரை, அது 6. மிச்சம் 11. குளிப்பு, சாப்பாடு, பஸ், சைக்கிள் எல்லாத்துக்கும் 3 வையுங்கோ. பின்னேர ரியூசனுக்கும் போய் வாறதுக்கும் 4. கடைசியில் கையில் இருப்பது 4 மணித்தியாலம். இதுக்குள்ள 14 எங்கேயிருந்து வரும்? ஒன்றில் நித்திரையைக் களவெடுக்க வேண்டும், இல்லாட்டி பள்ளிக்கூடத்தைக் கட் அடிக்க வேண்டும், இல்லாட்டி வகுப்பில் குந்தியிருந்த நேரத்தையும் 'படிச்சது' எண்டு எழுத வேண்டும். பெரும்பாலும் நடப்பது மூன்றாவது.

அங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது. ஒரே பாடத்துக்குத் தியரி கிளாஸ், ரிவிஷன் கிளாஸ், பேப்பர் கிளாஸ். சேர் போர்டில் எறியக் கணக்கைச் செய்யும்போது எல்லாம் விளங்கும். வீட்டில் தனிய அதே கணக்கை எடுத்தால் இரண்டாவது வரியில் பேனை நிற்கும். செய்தவர் சேர், நாங்கள் பார்த்தவர்கள். கிரிக்கெட் பார்த்துப் பார்த்து யாராவது துடுப்பாட்டக்காரர் ஆனதுண்டா?

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 2006 இல் றோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சிலர் ஒருமுறை வாசித்துவிட்டு, நினைவில் இருந்ததைத் தாளில் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உயர்தரப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, இரண்டு வருசம் கழித்து வருகிறது.

அதனால் அந்த 4 மணித்தியாலத்தை இப்படிப் பிரியுங்கோ. முதல் மணித்தியாலம் இன்று படிப்பித்ததுக்கு. கொப்பியை மூடி வைத்துவிட்டு சிறுநீரகத்தியின் படத்தைக் கீறுங்கோ, மூல் கணக்கைத் திரும்பச் செய்யுங்கோ. அடுத்த இரண்டு மணித்தியாலம் கடந்தகால வினாத்தாளுக்கு. பௌதிகவியலில் 50 பல்தேர்வு வினாவுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அந்த வேகம் நேரம் பார்த்துச் செய்தால் மட்டும்தான் கைக்கு வரும். கடைசி மணித்தியாலம் போன கிழமை பிழைத்த வினாக்களுக்கு. பிறகு படுங்கோ. புதிய கிளாஸ் ஒன்றில் சேர முதல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: இது என்ர நாலில் எத்தனையைத் தின்னும்?

இந்த நாலும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தங்கச்சிமாரின் நேரசூசியில் கறிச்சட்டி கழுவுவதும் தம்பியைப் பார்ப்பதும் எழுதப்படுவதில்லை, ஆனால் செய்யப்படுகிறது. ஒரே அறையில் ரிவியும் மேசையும் உள்ள வீடுகள் நிறைய. பெற்றோரே, 14 மணித்தியாலம் கேட்காதீங்கோ. பிள்ளைக்குச் சத்தமில்லாத 4 மணித்தியாலம் கொடுங்கோ. அண்ணாவும் பாத்திரம் கழுவட்டும்.

போட்டி கடுமைதானே எண்டு கேட்பீர்கள். ஓம், கடுமைதான். இசட் ஸ்கோரும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் எங்களுக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறோம்: விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு நீங்கள் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் எண்டு தெரியாது. தாளில் எழுதியதுக்குத்தான் அவர் புள்ளி போடுவார். சுவரில் இருக்கும் அந்தக் கலர் நேரசூசியை இன்றைக்கே கழற்றுங்கோ. அந்த இடத்தில், இந்தக் கிழமை நீங்களே செய்து முடித்த வினாக்களின் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கோ.