வாங்கியது நாம், சாவி யாரிடம்?

வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. வீட்டு விளக்கு, விசிறி, கதவுப் பூட்டு எல்லாம் கம்பியில்லாமல் அதற்குக் கட்டுப்பட்டவை. போனைத் தட்டினால் விளக்கு எரியும். பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கு தானே எரியும். 'ஸ்மார்ட் ஹோம் ஹப்' என்று இதற்குப் பெயர். மேல்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது.

இன்று அந்த வீடுகளில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. பழைய ஹப் நன்றாகத்தான் ஓடுகிறது. கம்பெனியோ, "புதிய மாடல் வந்துவிட்டது, மாற்றுங்கள்" என்கிறது. மாற்றுவதா, வேண்டாமா?

நாம் சொல்கிறோம்: புதியதா, பழையதா என்பது இரண்டாவது கேள்வி. பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ரிவால்வ் என்று ஒரு ஹப். விலை சுமார் 300 டாலர். "ஆயுள் முழுவதும் சேவை இலவசம்" என்று சொல்லி விற்றார்கள். 2014 அக்டோபரில் அந்தக் கம்பெனியை, கூகிளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே 15-ந் தேதி சேவை நிறுத்தப்பட்டது. பெட்டி கெட்டுப் போகவில்லை. ஒரு திருகாணி கூடக் கழலவில்லை. ஆனாலும் அது செத்துப் போயிற்று! ஆயுள் என்று சொன்னார்களே, யாருடைய ஆயுள்? வாங்கியவனின் ஆயுளுமல்ல, பெட்டியின் ஆயுளுமல்ல. கம்பெனிக்குப் பிடித்திருக்கும் வரைதான் அந்த ஆயுள்! ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகுதான் பணத்தைத் திருப்பித் தரும் பேச்சு வந்தது.

விங்க் என்று இன்னொன்று. மாதச் சந்தா கிடையாது என்ற நம்பிக்கையில் வாங்கினார்கள். 2020 மே மாதம், ஊரெல்லாம் கொரோனாவில் முடங்கிக் கிடந்த வேளையில், "மாதம் 4.99 டாலர் கட்டு, இல்லையேல் ஹப் வேலை செய்யாது" என்று அறிவிப்பு வந்தது. கொடுத்த கெடு ஒரே வாரம்! எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளி வைத்தார்கள். ஜூலையில் அமுலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமலே தன் சர்வர்களை அணைத்தது. அதையே பயன்படுத்தி வந்தவர்கள் சிலர் சேர்ந்து, அந்த ஜூன் மாதம் கம்பெனியை வாங்கித்தான் மறுபடியும் ஓட வைத்தார்கள்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது? மில் தொழிலாளிக்கு இது சுலபமாக விளங்கும். பழைய மில்களில் ஒரே மெயின் ஷாப்ட்தான் எல்லாத் தறிகளையும் ஓட்டும். தறிகள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், ஷாப்ட் நின்றால் அத்தனையும் நிற்கும். அந்த ஷாப்ட் மில்லுக்குள்ளே இருந்தால் நாம் போய்ப் பழுது பார்க்கலாம். கடலுக்கு அப்பால் வேறொருவன் கட்டிடத்தில் இருந்தால்? பல ஹப்களுக்கு ஷாப்ட் அங்கேதான் இருக்கிறது. விளக்கு நம் வீட்டில், சுவிட்சு நம் வீட்டில். ஆனால் உத்தரவு கம்பெனியின் சர்வருக்குப் போய்த் திரும்பி வரவேண்டும்.

எல்லா ஹப்களும் இப்படியா? இல்லை. பிலிப்ஸ் ஹியூவின் முதல் ஹப் 2012-ல் வந்தது. 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு அதன் இன்டர்நெட் தொடர்பையும் புதிய மென்பொருளையும் கம்பெனி நிறுத்திக்கொண்டது. ஆனால் வீட்டுக்குள் விளக்குகள் எரிந்தன. காரணம், வேலை வீட்டுக்குள்ளேயே நடந்தது.

ஆகவே, ஹப் வைத்திருப்பவர் முதலில் ஒரு சோதனை செய்யட்டும். செலவு ஒரு காசும் இல்லை. இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு, விளக்கைப் போட்டுப் பார்க்கட்டும். எரிந்தால் சாவி அவர் கையில். எரியாவிட்டால் சாவி கம்பெனி கையில். புதிய பெட்டிக்கும் இதே சோதனைதான். அதில் தேறாத பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

பழையதே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டும் நாம் சொல்ல மாட்டோம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பெட்டியை இன்டர்நெட்டில் மாட்டி வைப்பது, தாழ்ப்பாள் உடைந்த கதவோடு தூங்குவதற்குச் சமம். அதை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். அல்லது மாற்றத்தான் வேண்டும். மாற்றினாலும் விளக்கையும் சுவிட்சையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை வேறு ஹப்புடனும் சேரும். ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க ஒரு முழு நாள் போகலாம்; அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டெண்ட் என்ற இலவச மென்பொருள், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. அதன் உள்ளமைப்பு பகிரங்கமானது. உலகெங்கும் பல்லாயிரம் பேர் கூடி வளர்த்தது அது; ஒரு கம்பெனி மூடியதால் அது நின்றுவிடாது.

"இது வசதியுள்ளவன் வீட்டு விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். வயற்காட்டைப் பாருங்கள். செல்போனில் அழைத்தால் பம்ப்செட் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் இன்று கிணற்றடிக்கே வந்துவிட்டது. சில, போனும் சிம் கார்டும் இருந்தால் போதும், ஓடும். சில, கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் ஓடும். அந்த சர்வர் நின்ற நாளில் கையால் போட ஒரு சுவிட்சு இல்லையென்றால், பயிர் காத்திருக்குமா? வாங்குமுன் கேளுங்கள்: கம்பெனி போனால் இது ஓடுமா? கையால் இயக்க வழி உண்டா? எத்தனை வருஷத்துக்குத் திருத்தம் தருவாய்? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இப்படிப்பட்ட சாமான்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் உண்டு என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டே தீரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கும் அதைக் கேட்போம். அதோடு, சேவையை நிறுத்தும் கம்பெனி, பெட்டியைப் பூட்டி வைக்காமல் திறந்து விட்டுப் போகவேண்டும் என்றும் கேட்போம்.

வியர்வை சிந்திச் சேர்த்த காசு கொடுத்து வாங்கிய சாமான், நாம் சொன்னபடி ஓடவேண்டும். அதன் சாவி நம் வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும்!