எப்போது வாங்குவது?

"மாமு, இன்னும் நான்கு மாதம் பொறுத்தால் புது வகை வந்துவிடும், பழையதன் விலை விழுந்துவிடும்." என் தமக்கை மகன் இதைச் சொல்லி ஓராண்டாகிறது. வீடுகளின் உட்புற அமைப்பை முப்பரிமாணப் படங்களாக வரைந்து கொடுப்பது அவன் தொழில். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அவனது கணிப்பொறி ஒரு படத்தை முடிக்க ஓர் இரவு முழுவதையும் விழுங்குகிறது. அவசரமாகக் கேட்டு வந்த இரு வாடிக்கையாளர்கள் வேறிடம் சென்றுவிட்டனர். பணமோ தமக்கையிடம் ஆயத்தமாக இருக்கிறது.

கலைப்பிரிவில் படித்த எனக்கு இப்பொருளின் நுட்பம் முழுவதும் விளங்காது. ஆயினும் விலையின் வரலாற்றை விசாரித்தறியலாம் அல்லவா?

என்விடியா நிறுவனம் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு முறை புதுத் தலைமுறைக் கார்டுகளை வெளியிட்டு வந்திருக்கிறது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டை அந்நிறுவனமே 1,199 டாலருக்கு விற்றது. 2020 செப்டம்பர் 1 அன்று, அதற்கு நிகரான வேகமுடைய 3070 வெறும் 499 டாலருக்கு வருமென அறிவிப்பு வெளியாயிற்று. பலர் பதறிப்போய்த் தம் கார்டைப் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டனர். பிறகு நடந்ததென்ன? கொரோனாக் காலத் தட்டுப்பாட்டோடு, ஈத்தரியம் என்னும் மின்பணத்தை ஈட்டக் கார்டுகளைக் குவித்தோரின் போட்டியும் சேர்ந்துகொண்டது. புதியது கடைகளில் கிடைக்கவில்லை. பழையதும் அவர்கள் விற்றதைவிட மிகுதியான விலைக்குக் கைமாறியது. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றி, கார்டுகளின் தேவையை ஒழித்த காலத்தையொட்டியே பழைய கார்டுகள் சந்தையில் மலிந்தன. விலை விழுமென்று காத்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஈராண்டு கழிந்திருந்தது!

புது வகை வெளியாகும் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டதா? சில வாரம் பொறுப்பதில் தவறில்லை. நாளே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

அதைவிட முக்கியமானது, வாங்கும் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது. இங்கே வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். மேற்சொன்ன 3070இல் நினைவகம் 8 ஜிகாபைட்; 2021இல் 329 டாலருக்கு வந்த, வேகம் குறைந்த 3060இல் 12 ஜிகாபைட். 2023இல் வெளியான சில விளையாட்டுகளுக்கு உயர்ந்த படத்தரத்தில் 8 போதவில்லை. முப்பரிமாண வேலையிலும் அப்படியே: காட்சி நினைவகத்தில் அடங்காவிட்டால் வேகம் இருந்தும் பயனில்லை. 2017இல் 699 டாலருக்கு வந்த 1080 டிஐ பல்லாண்டு உழைத்ததற்கு அதன் 11 ஜிகாபைட்டும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் சொல்லி, "இரண்டு வாடிக்கையாளர் தந்திருக்கக்கூடிய கூலியை எழுதிப் பார்" என்றேன். எழுதினான், வாய் திறக்கவில்லை. விலையுயர்ந்ததைத் தவணையில் எடுக்கலாமா என்ற யோசனையை, அதில் வட்டி உண்டென்று அறிந்ததும் தமக்கை அங்கேயே நிறுத்திவிட்டார். கையிலுள்ள பணத்துக்குள் 12 ஜிகாபைட் கார்டு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். அவனது பழைய பவர் சப்ளை அதைத் தாங்காதாம். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியாயிற்று. சனிக்கிழமை கடைக்குப் போகிறோம்.