கறை பட்ட பல்லைப் பிடுங்கச் சொல்பவர்களிடம் கணக்குக் கேளுங்கள்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"3 நாளில் நிலையான பற்கள்" என்ற விளம்பரத்தைக் குடும்பக் குரூப்பில் இதுவரை நான்கு பேர் போட்டுவிட்டீர்கள். நாமெல்லாம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பள்ளி குரூப் போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகளை நான் மறக்கவில்லை. அந்தப் பழுப்பு, ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு செய்த வேலை. லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டியதால்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் நமக்கு வந்தது. 2013-ல்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள்.

கறை இருக்கிறது என்பதற்காகப் பல்லைப் பிடுங்கலாமா? வேர் உறுதியாக இருந்தால் மேலே உறை போடலாமே! எங்கள் அத்தை ஒருவருக்கு, ஆடாத பல்லையும் சேர்த்து எடுத்துவிட்டு ஐந்து லட்சத்தில் "ஃபுல் செட்" என்றார்கள் ஒரு கிளினிக்கில். நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். வேறு டாக்டரிடம் காட்டினோம். 7 பல் இன்றும் அவர் வாயில் இருக்கிறது.

நிஜமாகவே பல் போனவர்கள் பாடு வேறு. பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் கரையும். அப்புறம் இம்ப்ளான்ட் திருகை எதில் இறுக்குவது? எலும்புத்தூள் வைத்து மாதக்கணக்கில் காத்திருக்கலாம். மேல்தாடையில் எலும்பே இல்லையென்றால் கன்ன எலும்பில் நீளத் திருகு போடுவதும் உண்டு. ஆனால் அது பெரிய அறுவை சிகிச்சை, தேர்ந்த கை வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகையிலை அடக்குபவர்களுக்கும் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம். விளம்பரத்தில் இதில் ஒரு வரியாவது இருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்லமாட்டார்கள். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு 2 இம்ப்ளான்ட் போட்டு, அதன்மேல் சட்டைப் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டும் பல்செட் இருக்கிறது. கழற்றிக் கழுவலாம், பேசும்போது நழுவாது. 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதைத்தான் முதல் தேர்வாகச் சொன்னார்கள். செலவு குறைவு என்பதால்தான் நம்மிடம் சொல்வதில்லையோ என்னவோ!

கோடிக்கணக்கில் செலவழித்துக் குழாய் போட்ட அரசு, பழைய தண்ணீரைக் குடித்துவிட்ட தலைமுறையின் பல்லையும் கவனிக்க வேண்டும். இந்த 2 இம்ப்ளான்ட் பல்செட்டை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இலவசமாகத் தரச் சொல்லி கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் கமெண்டில் பெயர் எழுதுங்கள். என்னிடம் படித்துப் பல் டாக்டர் ஆனவர்கள் மனுவை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுங்கப்பா. அந்த விளம்பரத்தைப் போட்ட நால்வரும் முதலில் அதை டெலிட் செய்யுங்கள்.